வயசு ஏறாத பெருமாயி

கொல்லிமலை, எஸ்டேட் கணக்குப்பிள்ளை வீடு
பவ வருஷம் கார்த்திகை 11 (26-11-1934)

அக்காவுக்கு அர்த்தனாரி வணக்கம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். எழுத வரவில்லை. ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். என் மனைவியிடம் சொன்னால் நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்கிவிடுவாள். துரையிடம் சொன்னால் சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் ஜெனீவாவில் சிரித்தால் எனக்குக் கேட்காது.

போன வருஷம் காப்பிப் பழம் எடுக்கிற பருவத்தில் பெருமாயி என்று ஒரு பெண் மலைக்காய்ச்சலில் செத்துப்போனதை எழுதியிருந்தேன். காத்தான் என்கிற மலைக்காரரின் மகள். ஒன்பது வயது இருக்கும். கூடையோடு களத்துக்கு வந்தவள் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. ஓடைக்கரையில் பலாமரத்துக்குக் கீழே குழி தோண்டினார்கள். என் மேல்துண்டைத்தான் போர்த்திப் புதைத்தார்கள். ஒருவரும் அழவில்லை. பெற்றவள்கூட அழவில்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியது.

இந்த வருஷப் பழம் எடுப்பு போன திங்கட்கிழமை ஆரம்பித்தது. விடிந்ததும் அப்பாசாமி மேஸ்திரி ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். நான் பக்கத்தில் நின்றேன். "பெருமாயி" என்றார். பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்து அவர் கையைத் தொடப் போனேன்.

"வந்தேனுங்க" என்றது ஒரு குரல்.

பனி மூட்டமாக இருந்தது. வரிசையின் கடைசியில் நின்றாள். அதே உயரம். அதேபோலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கூடையை இடுப்புக்குக் கொடுத்து. மேஸ்திரி அடுத்த பேருக்குப் போய்விட்டார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா, நான் குடிப்பவன் அல்ல. எனக்குக் காய்ச்சலும் இல்லை. தினமும் காலையில் அந்தப் பேரைக் கூப்பிடுகிறார்கள். தினமும் பதில் வருகிறது. இந்த மலை வேலைக்குப் போகாதே என்று அன்றைக்கே சொன்னேனே என்று மட்டும் எழுதாதீர்கள்.

அர்த்தனாரி


ஜெனீவா
14-12-1934

தம்பி அர்த்தனாரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை.

செத்தவர்கள் காப்பிப் பழம் பறிப்பதில்லை. பறிப்பார்கள் என்றால் உன் துரை உயிரோடு இருப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்க மாட்டார். ஆகையால் நீ பார்த்தது ஒரு குழந்தை. அது யார் என்பதுதான் கேள்வி. உன் போன வருஷத்துக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "இடது காலில் கட்டைவிரல் நகம் போன பெண்" என்று எழுதியிருக்கிறாய். பகல் வெளிச்சத்தில் போய் இவள் காலைப் பார்.

இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒரு தடவை கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். குழந்தைகளுக்காக நடக்கும் ஒரு சங்கத்தில், கீழைத் தேசங்களிலிருந்து வருகிற செய்திகளைப் படித்துச் சுருக்கிக் கமிட்டிக்குக் கொடுப்பவள் நான். பத்து வருஷத்துக்கு முன்னால் சர்வதேச சங்கம் குழந்தைகளின் உரிமை பற்றி ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. மொத்தம் ஐந்தே வாக்கியம். பசித்த குழந்தைக்குச் சோறு, நோயுற்ற குழந்தைக்கு மருந்து, ஆபத்தில் முதல் உதவி குழந்தைக்கே, குழந்தையை எவரும் சுரண்டக் கூடாது, இப்படி. மீறிய தேசத்துக்குத் தண்டனை எதுவும் கிடையாது. கையில் பிரம்பில்லாத வாத்தியார் மாதிரி. ஆனாலும் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதி இதோடு இருக்கிறது. உன் காத்தானுக்குப் படித்துக் காட்டு. புரிகிறதா என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று நம் நாட்டில் போன வருஷம் சட்டம் வந்துவிட்டது. அங்கே அப்படி ஏதாவது நடக்கிறதா?

குளிருக்கு உள்சட்டை போடு.

ருக்குமணி


கொல்லிமலை
பவ வருஷம் தை 8 (21-1-1935)

அக்காவுக்கு,

காலைப் பார்த்தேன். எல்லா நகமும் இருக்கிறது. இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு விஷயம் முழுவதும் தெரிந்தது. இப்போது தூக்கம் முன்னைவிட மோசம்.

சோளக்காட்டுச் சந்தையில் காத்தானையும் அவர் மனைவி இருசாயியையும் பிடித்தேன். மிளகு விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் உங்கள் ஐந்து வாக்கியத்தையும் படித்தேன். காத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஏனுங்க, இதை எழுதுனவங்க ஊட்ல கொழந்தைங்க இருக்குதுங்களா?"

"இருக்கும்."

"அதுங்க காலையில எந்திரிச்சு என்ன பண்ணுமுங்க?"

"பள்ளிக்கூடம் போய்ப் படிக்கும்."

"படிச்சுப்போட்டு இப்படி எழுதுமுங்களாக்கும்."

இருசாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "கடைசியில நிக்கிற பொண்ணு யாரு?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா, இந்த மலையில் பத்திரம் கிடையாது. எல்லைக்கல்தான் பத்திரம். ஓடைக்கரையில் காத்தானின் பாட்டன் திருத்திய சாமைக்காடு ஒன்று இருக்கிறது. அளவைக்காரர்கள் வந்து போன பிறகு அது எஸ்டேட் நிலம் ஆகிவிட்டது. நீயே உழுதுகொள், அதற்கு ஈடாக ஒரு பெண்ணை வேலைக்கு விடு என்று அப்போதிருந்த மேஸ்திரி சொல்லியிருக்கிறார். காத்தான் கல்லில் மஞ்சள் நூல் கட்டி, "பெருமாயி வயசுக்கு வர்ற மட்டும் வருவா" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"வாக்கு பேரு மேலீங்க" என்றார். "அந்தப் பேரு செத்துப்போச்சுன்னு சொன்னா வாக்கும் செத்துப்போச்சு, காடும் போச்சு. அதனால நாங்க சாவு சொல்றதில்லீங்க. அடுத்தவளைக் கல்லுகிட்டக் கூட்டிப்போயி அந்தப் பேரை எடுத்து இவ மேல போட்டுருவோம். போனவ வந்துட்டான்னு சொல்லிக்குவோமுங்க."

அதனால்தான் அழவில்லை. இந்தச் சின்னவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் அத்தாயி. அந்தப் பேரை இப்போது வீட்டில்கூட யாரும் சொல்வதில்லை.

"போன வருஷம் புதைச்சோமே, அவ சொந்தப் பேராவது பெருமாயியா?" என்று கேட்டேன். காத்தான் மிளகுச் சாக்கை மடித்தார். இருசாயிதான் மெதுவாகச் சொன்னாள். "அவ பாவாயிங்க. பெருமாயி எனக்குத் தலைச்சங்க, அவளுக்கு முந்திப் போனவ."

நான் துண்டு போர்த்திப் புதைத்த பெண்ணின் பேர் பாவாயி. எனக்கு அது தெரியாது.

கணக்குப் புரிகிறதா? வயசுக்கு வருகிற வரைக்கும் என்று வாக்கு. ஆனால் பெருமாயி வயசுக்கு வருவதே இல்லை. காய்ச்சல் முந்திக்கொள்கிறது. மறுபடி எட்டு வயசிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

அத்தாயிக்கும் கண் மஞ்சளாக இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை என் கைக்காசில் வாங்கிக் கொடுக்கிறேன். இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். யாரிடமும் காட்ட வேண்டாம். அவர்கள் காடு, என் வேலை இரண்டும் இதில் இருக்கிறது.

அர்த்தனாரி


ஜெனீவா
12-2-1935

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கமிட்டியில் படித்துவிட்டேன்.

சுற்றி வளைக்க விரும்பவில்லை. பேர்களை முதலில் மறைத்துத்தான் வாசித்தேன். எந்தக் குழந்தை, எந்த இடம் என்று தலைவர் கேட்டார். பேரில்லாத குழந்தைக்காக எந்தச் சர்க்காருக்கும் எழுத முடியாது என்றார். சொல்லிவிட்டேன். அவர்கள் சென்னைக்கு எழுதுகிறார்கள்.

அந்தச் சட்டம் குழந்தையை வேலைக்கு வாங்கியவனைத் தண்டிப்பதுபோல அடகு வைத்த தகப்பனையும் தண்டிக்கும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேர்களைக் கொடுத்தேன். அத்தாயிக்கு அடுத்து வீட்டில் பெண் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்தால் அவளுக்கும் இதே பேர் காத்திருக்கிறது. உன் வேலையையும் காத்தானின் காட்டையும் ஒரு தட்டில் வைத்தேன். மறு தட்டில் வைக்க எனக்கு ஒரு மஞ்சள் கண்தான் இருந்தது. போதும் என்று தோன்றியது.

நீ கோபப்படுவாய். கோபப்படு. பதில் எழுதாமல் மட்டும் இருக்காதே. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று தெரிய வேண்டும்.

ருக்குமணி


கொல்லிமலை
யுவ வருஷம் சித்திரை 20 (3-5-1935)

அக்காவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நடந்ததை இன்னொருவர் எழுதி நீங்கள் படிப்பதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

கீழேயிருந்து ஓர் அதிகாரி, ஆட்கள் சுமக்கும் டோலியில் ஏறி வந்தார். செம்மேட்டில் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு விசாரணை. எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி கெட்டவர் அல்ல. காலில் அட்டை கடித்து ரத்தம் வழிய வழியப் பொறுமையாகவே கேட்டார்.

"காத்தான், உனக்குப் பெருமாயின்னு ஒரு மகள் இருந்து செத்துப்போனாளா?"

"இல்லீங்க சாமி. இங்கதான நிக்கிறா."

"இந்த எஸ்டேட்டில் உன் பிள்ளைகள் யாராவது செத்ததுண்டா?"

"ஆருமில்லீங்க."

இருசாயியைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்தவள் என்று விட்டுவிட்டார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உம் பேரென்ன?"

"பெருமாயிங்க."

"வேற பேர் உண்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். சந்தையில் ஒருநாள் பட்டாணிப் பொட்டலம் கொடுத்து "அத்தாயி" என்று நான் ரகசியமாகக் கூப்பிட்டிருந்தேன். அதை மனதில் வைத்துத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "இல்லீங்க" என்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொன்னாள்.

கடைசியில் என்னைக் கேட்டார்கள். "கணக்குப்பிள்ளை, இவள் பெருமாயிதானா?"

மேஸ்திரி நின்றிருந்தார். துரை நின்றிருந்தார். அவர்களுக்காக இல்லை. காத்தான் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். இல்லை என்று நான் சொன்னால் சட்டம் முதலில் பிடிப்பது அவரைத்தான்.

"ஆமாம்" என்றேன்.

பலாமரத்தடியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நீங்கள் வந்து சொல்லியிருக்கலாமே. ஜெனீவாவிலிருந்து தராசு பிடிப்பது சுலபம். இங்கே தட்டில் கிடப்பவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை வரிசையில் மேஸ்திரி அந்தப் பேரை மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டார். வேண்டுமென்றே. இரண்டு தடவையும் "வந்தேனுங்க" என்றாள். ஆட்கள் சிரித்தார்கள்.

இனி இதில் தலையிடாதீர்கள்.

அர்த்தனாரி


ஜெனீவா
8-6-1935

தம்பிக்கு,

அறிக்கை நேற்று இங்கே வந்து சேர்ந்தது. ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கி அனுப்புகிறேன். "இறந்ததாகக் கூறப்படும் குழந்தை அதிகாரியின் முன் நேரில் வந்து, தன் பெயருக்குப் பதிலளித்தது." தலைவர் உரக்கப் படித்தார். ஒருவர் மீசைக்குள் சிரித்தார். விசாரணைக் கோப்பை மூடினார்கள்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நான் அந்த மரத்தடியில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. தகப்பனைப் பிடிக்கிற சட்டத்தைத் தகப்பன் கையிலேயே கொடுத்துவிட்டு, உண்மை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வெளியே நின்று வேலை செய்பவர்கள் செய்கிற தப்பு இது.

ஒன்று கேட்கிறேன். சட்டத்தில் கேட்கவில்லை. உங்கள் மலை வழக்கத்தில் கேட்கிறேன். சாவு சொல்லாததால்தான் அந்தப் பேர் உயிரோடு இருக்கிறது. சரி. யாராவது சாவு சொல்லிவிட்டால்? பெற்றவள் அழுதுவிட்டால்? பிறகு அந்தப் பேரை இன்னொருத்தி மேல் போட முடியுமா?

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு இருக்கிறதல்லவா? அதனால் கேட்கிறேன். காத்தானிடம் கேட்காதே. இருசாயியிடம் கேள். கேட்பதோடு நிறுத்திக்கொள். செய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இழக்கப்போவது அவள்.

அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

ருக்குமணி


சேந்தமங்கலம்
யுவ வருஷம் கார்த்திகை 28 (13-12-1935)

அக்காவுக்கு,

விலாசத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். மலையைவிட்டு இறங்கிவிட்டேன். வேலை போய்விட்டது. என் மனைவிக்குச் சந்தோஷம்.

நீங்கள் கேட்டதை ஆடி மாதம் இருசாயியிடம் கேட்டேன். அப்போது அத்தாயி காய்ச்சலில் கிடந்தாள். இருசாயி ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து வரும்போது, "அழுதா முடிஞ்சுதுங்க" என்று மட்டும் சொன்னாள். காய்ச்சல் இறங்கியது. பெண் எழுந்தாள். நானும் அதோடு மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

பழம் எடுப்பு ஆரம்பித்த முதல் நாள். வரிசை நின்றது. மேஸ்திரி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "பெருமாயி" என்றார். அத்தாயி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பானை உடைந்த சத்தம் கேட்டது. இருசாயி. தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வரிசைக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். மார்பில் அடித்தாள்.

"ஓடைக்கரையில படுத்தவளே, ஒரு சொல்லு அழுகலையே. ஒம் பேரை எடுத்து ஒந் தங்கச்சிக்குப் போட்டோமே. அவளையும் ஒம் பக்கத்துல கெடத்துனோமே. பெருமாயி, நீ செத்துப்போனேயே சாமி."

"ஏய், எந்திரி! நல்ல நாளும் அதுவுமா என்ன பண்றே?" என்று மேஸ்திரி கத்தினார்.

இந்த மலையில் சாவு அழுகை காதில் விழுந்தால் பெண்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாக வேண்டும். யாராயிருந்தாலும் சரி. முதலில் ஒரு கிழவி கூடையை வைத்தாள். பிறகு பக்கத்தில் நின்றவள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் தரையில் இருந்தது. மேஸ்திரியின் சொந்த மனைவி சென்னம்மாள்கூட உட்கார்ந்துவிட்டாள். "உனக்கென்னடி" என்று அவர் கேட்டதற்கு, "காதுல விழுந்துருச்சே, என்ன பண்ணச் சொல்றீங்க" என்றாள். காத்தான் வெகுநேரம் நின்றார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துத் தரையில் வைத்தார். அவர் அழவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

அன்று ஒரு பழமும் எடுக்கவில்லை. நான் தூண்டிவிட்டதாக மேஸ்திரி சொன்னார். துரை நம்பினார். காடு போய்விட்டது. சாமை கதிர் விட்டிருந்தது, அறுக்க விடவில்லை. காத்தான் குடும்பத்தோடு மலைக்கு மறுபக்கம் இருசாயியின் பிறந்த ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். "எழுதுனவங்களுக்குச் சொல்லுங்க. படிக்கிறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு" என்றார். கேலியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் போகும்போது "அத்தாயி" என்று கூப்பிட்டேன். நடந்துகொண்டே இருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். இருசாயி நின்று, அவள் தோளைத் தொட்டு, "உன்னையத்தான் கண்ணு" என்றாள். அப்புறம்தான் திரும்பினாள். யாரையோ கூப்பிட்டதற்கு நாம் பதில் சொல்லலாமா என்று யோசிக்கிற முகம்.

இத்தோடு நிறுத்த நினைத்தேன். காகிதத்தை மடித்தும்விட்டேன். பிரித்து எழுதுகிறேன்.

மலையிலிருந்து மிளகு கொண்டுவரும் பழனியம்மாள் முந்தாநாள் வந்தாள். அப்பாசாமி மேஸ்திரி வீம்புக்கு இன்னமும் தினமும் காலையில் அந்தப் பேரைக் கூப்பிடுகிறாராம். பதில் இல்லாமல் வரிசை சும்மா நிற்குமாம். போன அமாவாசைக்கு மறுநாள் கூப்பிட்டபோது, கடைசியிலிருந்து "வந்தேனுங்க" என்று கேட்டதாம். பனியில் யாரென்று தெரியவில்லையாம். பெண்களைக் கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்களாம். அன்றிலிருந்து தினமும் வருகிறதாம்.

அழுது முடித்த பேர் அக்கா. அந்த அழுகையை நான் என் காதால் கேட்டேன்.

அர்த்தனாரி


ஜெனீவா
2-1-1936

தம்பிக்கு,

செத்தவர்கள் காப்பிப் பழம் பறிப்பதில்லை என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் எழுதினேன். திரும்பவும் அதையே எழுதுகிறேன்.

அது ஒரு குழந்தை. காத்தான் விட்டுப்போன காட்டை இப்போது யார் உழுகிறார்கள் என்று விசாரி. அவர்கள் வீட்டில் எட்டு வயதுப் பெண் இருப்பாள். பேரை அந்தக் குடும்பம் வைத்துக்கொண்டிருந்தது என்று நாம் இருவரும் நினைத்தோம். அதை வைத்துக்கொண்டிருந்தது எஸ்டேட். ஒரு தாயின் அழுகை அவள் மகளைத்தான் மீட்கும். மற்றவர்களுக்கும் சேர்த்து அழ அவளால் முடியாது. அதற்காகத்தான் இந்த ஐந்து வாக்கியத்தை எழுதினார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அவை எவ்வளவு பலவீனமானவை என்றும் தெரியும்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், வேறு எவரிடமும் சொல்ல மாட்டேன். இங்கே சர்வதேச சங்கத்தின் சபை கூடும்போது ஒவ்வொரு தேசத்தின் பேரையும் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவராக எழுந்து பதில் சொல்வார்கள். சில மாதமாக, எல்லோரும் பதில் சொல்லி முடித்த பிறகு நான் காத்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து இன்னும் ஒரு குரல் பாக்கி இருப்பதுபோல. என் படிப்பெல்லாம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் காத்திருக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். பிப்ரவரியில் மார்சேல்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறேன். பங்குனியில் உன் வீட்டில் இருப்பேன். மலை ஏற எனக்கு டோலி வேண்டாம், நடக்கிறேன். நீங்கள் வந்து சொல்லியிருக்கலாமே என்று எழுதினாய். சொல்ல வருகிறேன்.

நான் வருவதற்குள் நீ ஒன்று செய். பழனியம்மாளோடு யாராவது ஒரு பெண்ணை மேலே அனுப்பு. பகல் வெளிச்சத்தில் அந்தக் குழந்தையைத் தனியாகப் பார்க்கச் சொல். காலையும் கண்ணையும் பார்க்கட்டும். அந்தப் பேரைச் சொல்லி மட்டும் கூப்பிட வேண்டாம். சோறு ஊட்டும்போது உங்கம்மா உன்னை என்னவென்று கூப்பிடுவாள் என்று கேட்கட்டும். அவள் யோசித்துச் சொல்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

ருக்குமணி